இந்நேரம் வேலையில் இருப்பவர்கள்

ஆசீர்வாதம் ஐயர் பட்டியலின் கடைசிப் பெயரைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சபையார், "ஆண்டவரே, காத்தருளும்" என்று சொல்லி முடித்தார்கள். அடுத்தது பாட்டு. என் மனைவி கிரேஸ் ஆர்மோனியத்தின் துருத்தியில் கை வைத்துவிட்டாள்.

கடைசிப் பாயில் இருந்த அஞ்சலை மட்டும் முன்னால் சாய்ந்தபடியே இருந்தாள். ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவள். ஈரம் காயாத முடி முதுகில் ஒட்டியிருந்தது. மடியில் ஒரு கருவாட்டு மூட்டை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இன்னும் ஒரு பெயர் வரும் என்று காத்திருக்கிறவளின் முகம் அது.

வராது என்று எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலை எழுதியவன் நான்.

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என் கட்டுரை வராததற்கு வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒரு காரியம் நடந்துவிட்டது. முப்பது வருடமாகப் பள்ளிக்கூட வாத்தியார் நான். பள்ளிக்கூட அனுபவங்களைத்தான் இந்த வாரமும் எழுதுவதாக இருந்தேன். ஆனால் உட்கார்ந்தால் அஞ்சலை முகம்தான் வருகிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

மூன்று பாய்ச் சபை

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். கோயில் வெள்ளைக்கார மிஷனரி காலத்தில் கட்டியது. சுண்ணாம்புச் சுவர், உயரமான ஜன்னல், உத்தரத்தில் வௌவால். மழைக்காலத்தில் ஞானஸ்நானத் தொட்டிக்கு நேர் மேலே ஒழுகும். "ஆண்டவரே தண்ணி ஊத்திக்கிறார்" என்று பெண்கள் பாய்ப் பக்கம் யாராவது சிரிப்பார்கள்.

எங்கள் சபையில் ஆள் கணக்கைப் பாயில்தான் சொல்வது. ஒரு பாய்க்கு ஐந்து பேர். என் அப்பா காலத்தில் பதினாலு பாய் விரிப்பார்களாம். நான் சபைச் செயலாளராகப் பொறுப்பேற்ற எழுபதுகளில் அது ஆறாகி, ஐந்தாகி, கடைசியில் மூன்றுக்கு வந்து நின்றது. மற்றப் பாய்கள் பக்கத்து அறையில் சுருட்டியபடி கிடந்தன. எலி ஒரு பக்கமாகத் தின்றுகொண்டு வந்தது.

ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், பாதிப் பேர் பிழைப்புக்குப் போனார்கள். பெரம்பூர் போனவர்கள், ஆவடி போனவர்கள், ரயிலில் வேலை கிடைத்து எங்கெங்கோ போனவர்கள். மீதிப் பேர் போனதற்குக் காரணம் ஒரு சேவல்.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சேவல் கறி

அறுப்பின் பண்டிகை என்று எங்களுக்கு ஒன்று உண்டு. அவரவர் நிலத்தில், கொல்லையில் விளைந்ததைக் கோயிலில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, கோழி. ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திரும்பவும் கோயிலுக்கே கொடுத்துவிடுவார். மறுபடி ஏலம் போகும். ஒரே பூசணிக்காய் நாலு பேர் கை மாறும். அதுதான் மரியாதை. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை.

ஒரு வருடம், புதிதாகக் கல்யாணமாகி வந்த மாப்பிள்ளை ஒருவர் சேவலை ஏலம் எடுத்தார். எடுத்தவர் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார். மத்தியானம் குழம்பு கொதித்த வாசனை தெரு முழுக்க வந்தது.

"ஏலத்துல எடுத்தத துன்னா தப்பா? இன்னா பேஜாரா கீது உங்களோட" என்று அவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் கோயில் சேவலைத் தின்றவன் என்று ஒரு கூட்டம், ஏலம் எடுத்தவனை அவமானப்படுத்தினார்கள் என்று இன்னொரு கூட்டம். ஏழு குடும்பம் வருவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் மூன்று பாய்.

திருவள்ளூரிலிருந்து, எங்கள் சபைகளை நடத்தும் மேல்குழுவின் கடிதம் வந்தது. வரும் அறுப்பின் பண்டிகைக்குள் சபை தேறாவிட்டால் கோயிலைப் பூட்டிவிடுவது, இருக்கிறவர்கள் வேறு ஊர்ச் சபையோடு சேர்ந்துகொள்வது. நான்தான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். என் அப்பாவும் அம்மாவும் அந்தக் கோயிலுக்குப் பின்னால்தான் அடக்கமாகியிருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆசீர்வாதம் ஐயர் வந்தார். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்போம். சாதிப் பெயர் அல்ல, மரியாதைப் பெயர்.

எந்த ஷிப்டு, நைனா?

ஐயர் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர். குருப்பட்டம் வாங்குவதற்கு முன் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். விரல் நகங்களில் பட்டறை எண்ணெயின் கறுப்பு கடைசிவரை போகவில்லை. பேச்சில் ஆந்திர எல்லை வாசம் அடிக்கும். சின்னவர், பெரியவர் எல்லாரும் அவருக்கு நைனாதான்.

வந்த முதல் வாரம் அவர் சபையார் வீடு ஒன்றுக்கும் போகவில்லை. எனக்கு வருத்தம். செயலாளர் வீட்டுக்காவது வரக் கூடாதா? விசாரித்தால், இரும்பு ஆலை கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தடவை. சங்கு ஊதி ஷிப்டு மாறுகிற நேரம்.

அப்போது எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வயல் இருந்த இடத்தில் புகைபோக்கி. ரசாயன ஆலைப் பக்கமிருந்து காற்று வீசினால் கொடியில் காயும் வெள்ளைத் துணி மஞ்சளாகும். வெளியூர்ப் பையன்கள் ஒரு அறைக்கு ஆறேழு பேராகத் தங்கியிருந்தார்கள். அவர்களை நாங்கள் 'ஷிப்டு ஆளுங்க' என்போம். பெண் பிள்ளை வைத்திருந்தவர்கள் அந்தத் தெருவில் நடக்கவே விடமாட்டார்கள்.

ஒரு நாள் நானே டீக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். வெளியே வருகிற ஒவ்வொருவனிடமும் ஐயர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இன்னா நைனா, வர வாரம் எந்த ஷிப்டு?"

"ஐயரே, நான் அம்மன் கோயிலுக்குப் போறவன்."

"போயேன், யாரு வேணான்னா? எந்த ஷிப்டுன்னுதான கேட்டேன்."

"மொத ஷிப்டு. இன்னாத்துக்கு?"

"ஞாயித்துக்கிழமை நீ உள்ள கீறப்போ உம் பேரச் சொல்லி ஜெபம் பண்ணப்போறோம். இஷ்டமில்லன்னா சொல்லு, உட்டுடறேன்."

அவன் டிபன் கேரியரைக் கை மாற்றினான். "ஏழுமலைன்னு எழுதிக்கோ. உலையாண்ட வேல. அதயும் சேத்துச் சொல்லு."

இப்படித்தான் அந்தப் பட்டியல் பிறந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனையின் நடுவில் ஐயர், "இந்நேரம் வேலையில் இருப்பவர்கள்" என்று ஆரம்பித்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். உலையில் இன்னார், பழுத்த இரும்பைக் கம்பியாக நீட்டும் உருட்டாலையில் இன்னார், பாய்லரில் இன்னார். ஒவ்வொரு பெயருக்கும் சபையார், "ஆண்டவரே, காத்தருளும்."

அடுத்து ஆராதனை நேரத்தை மாற்றினார். ஒன்பது மணி ஆராதனை ஏழரைக்கு வந்தது. இரவு ஷிப்டு முடித்தவர்கள் தூங்கப் போகுமுன் வர வேண்டுமாம். வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீரும் ஒரு சிவப்பு சோப்பும் வைத்தார். காக்கிச் சட்டையும் டிபன் கேரியருமாக, எண்ணெய் வாசனையோடு ஆட்கள் வந்தார்கள். நாங்களோ குளித்து, வெள்ளை உடுத்தி, வெறும் வயிற்றோடு அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு வருகிறவர்கள். எங்கள் பெரியவர் ஒருவர் சோப்பைக் காட்டி, "இது கோயிலா, குளிக்கிற ரூமா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான், பெரியவரே," என்றார் ஐயர்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து, எந்தச் சபையிலும் சேராமல் அறையில் படுத்துக் கிடந்த கிறிஸ்தவப் பையன்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தன் பெயரைப் படிக்கிறார்களாமே என்று கேள்விப்பட்டு ஒருவன் வருவான். அடுத்த வாரம் கூட இருவர். நாலாவது பாய் விரித்தோம். பிறகு ஐந்தாவது. சேவல் மாப்பிள்ளை ஒரு நாள் வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்தார். ஐயர் அவர் கையில் ஒரு பாயைக் கொடுத்து விரிக்கச் சொன்னார்.

பைக்குள் இருந்தது

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, மேல்குழுத் தலைவர் நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. கண்டிப்பானவர். வரும்போதே பூட்டையும் கொண்டுவருகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்.

ஐயரின் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் பட்டியலை நல்லபடியாக எழுதிக் கொடுப்பது என் வேலை. அன்று எழுத உட்கார்ந்தவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சபை டாப்பு என்று ஒன்று உண்டு. ஞானஸ்நானம் பெற்று, சந்தா கட்டி வருகிறவர்களின் பதிவேடு. தலைவர் அதைக் கேட்பார். ஆராதனையில் படித்த பெயர்களை அதோடு ஒத்துப் பார்ப்பார். டாப்பில் இல்லாத ஏழுமலையையும் காதரையும் பெருமாளையும் திருச்சபை நடுவில் படித்தால் என்ன சொல்வார்? இது சபையா, ஆலை வருகைப் பதிவா என்று கேட்டுப் பூட்டிவிட்டால்?

கிரேஸ் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, மூணு பேர விட்டுட்டீங்க?"

"ஒரு வாரம்தானே. ஆண்டவருக்குத் தெரியாதா அவங்க பேரு?"

"அவருக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு மத்தவங்க பேர மட்டும் எழுதறீங்க?"

மூன்று பெயர்களையும் விட்டுவிட்டு, கீழே ஒரு கோடு போட்டு மடித்தேன்.

தலைவர் மறுநாள் காலை ரயிலில் வந்தார். கையில் ஒரு தோல் பை. முன்னால் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து அதைக் காலருகே வைத்தபோது, உள்ளே 'ணங்' என்று ஒரு சத்தம். ஆறு பாய் ஜனமும் அந்தப் பையையே பார்த்தது.

மூன்று பெயர்கள்

அந்த இடத்துக்குத்தான் இப்போது திரும்புகிறேன்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். தாளைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் என் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினேன்.

அப்போது கடைசிப் பாயிலிருந்து அந்தக் குரல் வந்தது. குறை சொல்கிற குரல் அல்ல. பஸ் ஸ்டாண்டில் விசாரிக்கிற குரல்.

"எம் புள்ள பேரு இன்னும் வரலியே, சாமி?"

கிரேஸின் கை துருத்தியில் நின்றுவிட்டது. தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏழுமலை. உலையாண்ட வேல. போன தபா படிச்சீங்களே. இன்னிக்கும் மொத ஷிப்டுதான்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. இப்போது ஐயர் என்ன சொன்னாலும் நான் அகப்பட்டுக்கொள்வேன். எழுதியது செயலாளர் என்று ஒரு வார்த்தை போதும். அவர் தாளை நிதானமாக மடித்தார்.

"வாத்தியாரே, தாள்ல எடம் பத்தல போல. மீதிப் பேர வாயாலயே சொல்லிடுங்க."

எழுந்து நின்றேன். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு படிக்கிறவன் நான். இந்த மூன்று பெயருக்குத் தலைவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். "பாய்லரில், காதர்" என்றேன். "ஆண்டவரே, காத்தருளும்." "உருட்டாலையில், பெருமாள்." "ஆண்டவரே, காத்தருளும்." "உலையில், ஏழுமலை."

இதற்குச் சபையார் சொல்வதற்கு முன்பே பின்னாலிருந்து அவள் சத்தமாகச் சொல்லிவிட்டாள். சிலர் சிரித்துவிட்டார்கள். ஐயரும் சிரித்தார். அஞ்சலை சாய்ந்திருந்த உடம்பை நிமிர்த்தி, சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.

எங்கே நிற்பது

ஆராதனை முடிந்ததும் தலைவர் நேரே அவளிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

"நீ எந்தச் சபைம்மா?"

"எந்தச் சபையும் இல்ல, சாமி. நாங்க குப்பத்து ஆளுங்க. ஏரியில வல போடறவங்க. கங்கையம்மாவத்தான் கும்பிடறது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வர்ற?"

அவள் கருவாட்டு மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எங்க ஊட்டு ஆம்பளைங்க ஏரிக்குப் போனா, நாங்க கரையில வந்து நிப்போம். படவு தெரியறவரிக்கும் நிப்போம். இவன் பேக்டரிக்குப் போறான். நெருப்பாண்ட வேல. நான் எங்கப் போயி நிக்கிறது? கேட்டாண்ட நின்னா வாச்மேன் தொரத்தறான். இங்கதான் அவன் பேரச் சொல்றாங்க. அதான் இங்க வந்து குந்திக்கினு கீறேன்."

சபை டாப்பை எடுத்து வரட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்று கையால் காட்டினார்.

ரயிலுக்குக் கிளம்பும்போது தோல் பையைத் திறந்தார். உள்ளே பூட்டு இருந்தது. பெரிய பித்தளைப் பூட்டு, சாவியோடு. அதை எடுத்து மேஜைமேல் வைத்து, "இதைத் திரும்பச் சுமந்துக்கிட்டுப் போக முடியாது. எதுக்காவது வச்சுக்குங்க," என்றார்.

பாய் அறைக்குப் போட்டோம். இன்றும் அதுதான். ஞாயிறு காலையில் திறந்து விரிக்கிறோம், பிறகு சுருட்டிப் பூட்டுகிறோம்.

ஆசீர்வாதம் ஐயர் அந்த விஷயத்தை என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஐந்தாறு வருடம் எங்களோடு இருந்தார். மாற்றலாகிப் போகிற அன்று சைக்கிளில் ஏறும்போது, "வாத்தியாரே, பட்டியல இனிமே நீங்களே படிங்க. எழுதறவரே படிச்சா எதுவும் உடமாட்டாரு," என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான்தான் படிக்கிறேன். அவருக்குப் பின் வந்த இரண்டு போதகர்களும் அதை மாற்றவில்லை.

கேட்டுக்கு வெளியே

என் மகன் சாமுவேல் போன வருடம் அதே இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். வேண்டாம் என்றேன். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தேன். கேட்கவில்லை.

மூன்று வாரம் முன்பு ஒரு மத்தியானம், ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது ஆலைச் சங்கு ஊதியது. அது சங்கு ஊதுகிற நேரம் இல்லை.

சாக்பீஸ் கையோடு ஓடினேன். கேட்டில் கூட்டம். உருட்டாலையில் பழுத்த கம்பி தடம் மாறித் துள்ளியதாம். இரண்டு பையன்கள் மேல் பட்டதாம். யார் என்று தெரியாது. வாச்மேன் உள்ளே விடவில்லை. அங்கே நின்றாலும் ஓரம் போ என்றான். வேலி ஓரம் போய் நின்றேன், அங்கிருந்து டீக்கடைக்கு வந்து நின்றேன், திரும்பக் கேட்டுக்கு வந்தேன். எங்கே நின்றாலும் அது நிற்கிற இடமாக இல்லை.

கடைசியில் வெளியே வந்து சொன்னது ஏழுமலைதான். இப்போது அவன் உலை மேஸ்திரி. "வாத்தியாரே, உசுருக்குப் பயமில்ல. கைதான். நானும் கூடப் போறேன் வண்டியில, நீங்க ஏறுங்க."

சாமுவேல் சென்னை ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இடது கையில் இரண்டு விரல் மடங்காது என்கிறார்கள். என்னைப் பார்த்து, "சாக்பீஸ் வலது கையிலதானப்பா பிடிக்கணும்?" என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான்.

போன ஞாயிறு கோயிலுக்குப் போனேன். கிரேஸ் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டாள். பட்டியலை எடுத்து, "இந்நேரம் வேலையில் இருப்பவர்கள்" என்று தொடங்கினேன். உலை, உருட்டாலை, பாய்லர். ஒவ்வொரு பெயராகப் படித்து முடித்தேன். சாமுவேல் பெயர் அதில் இல்லை. எழுதாமல் விட்டதும் நான்தான். அவன் வேலையில் இல்லையே. நோயாளிகளின் பட்டியல் வேறு, அது போதகர் படிப்பது. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பெயரை என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தாளை மடித்தேன்.

"உம் புள்ள பேரு இன்னும் வரலியே, வாத்தியாரே?"

கடைசிப் பாய். முடி நரைத்துவிட்டது, ஈரம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த வாரம் ஏழுமலைக்கு முதல் ஷிப்டு இல்லை. அவனுக்காக அவள் வந்திருக்கவில்லை.

நான் நின்றுகொண்டே இருந்தேன். மடித்த தாளைத் திரும்பப் பிரித்தேன். பதினோரு பாய் ஜனமும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"சாமுவேலு," என்றாள் அஞ்சலை. "ஆஸ்பத்திரில கீறான்."

"ஆண்டவரே, காத்தருளும்" என்றது சபை. என் குரல் அதில் இல்லை. நான் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன்.